ஊர் உறங்கும் நேரத்தில் மலரும் பூக்கள்

கூத்தாநல்லூர் வாசல்களில் மணக்கும் பழைய நினைவுகள்

தாமரை காலையில் மலர்கிறது. செம்பருத்தி வெயிலில் சிரிக்கிறது. பூ என்றாலே பகலில் பூப்பது என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால், பகலெல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஊர் உறங்கப் போகும் நேரத்தில் மலரும் பூக்களும் இருக்கின்றன. வெயில் சாயும்போது அந்திமந்தாரை மலரும். விளக்கு வைக்கும் நேரத்தில் முல்லை மலரும். சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் நேரத்தில் நிஷாகந்தி மலரும். பவழமல்லியோ இருட்டில் பூத்து, பொழுது விடிவதற்குள் உதிர்ந்தும் விடும். குளத்தில் அல்லியும் இரவில்தான் கண் விழிக்கும்.

பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுகிறார்கள். இரவில்தான் குடும்பம் ஒன்று கூடுகிறது. அந்த நேரத்தில் மலர்வதால், இந்தப் பூக்களின் மணம் வீட்டு நினைவுகளோடு ஒட்டிக்கொள்கிறது. "இந்த வாசனை வந்தால் எனக்குப் பாட்டி ஞாபகம் வருகிறது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அப்படி நினைவுகளைச் சேர்த்து வைப்பதற்குக் கூத்தாநல்லூரை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏன் தெரியுமா? அது காத்திருந்து பழகிய ஊர்!

"சின்ன சிங்கப்பூர்"

மன்னார்குடியில் இருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது கூத்தாநல்லூர். முன்பு பெரிய தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது, 1997-ம் ஆண்டில் உருவான திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் நெல் வயல். பக்கத்தில் வெண்ணாறு.

இந்த ஊருக்குச் "சின்ன சிங்கப்பூர்" என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் ஆண்கள் பல தலைமுறைகளாகக் கடல் கடந்து சென்று வாணிபம் செய்து வந்தார்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போனார்கள். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். இந்தப் பயணத்துக்குச் "சபர்" என்று பெயர். பயணம் போனவர் "சபராளி".

அந்தக் காலத்தில் கப்பல் பிரயாணந்தான். 1926-ம் ஆண்டில் கட்டப்பட்ட "ரஜூலா" என்ற கப்பலைத் தஞ்சைத் தரணியில் தெரியாதவர்கள் இல்லை. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அது போகும். 1970-களின் தொடக்கம் வரை இந்தப் பிரயாணம் நடந்தது.

கப்பல் ஏறியவர் அடுத்த மாதமே திரும்பிவிட முடியுமா? ஆண்டுகள் ஓடும். பிறந்த குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அத்தாவின் முகத்தையே பார்க்கும். அதுவரையில் கடிதந்தான் அத்தா.

அந்தக் கடிதமும் நின்றுபோன காலம் ஒன்று உண்டு. 1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் நகரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையிலும் காட்டிலும் நடந்தே தாயகம் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். போர் முடிந்தது 1945-ல். அதுவரை, "அவர் இருக்கிறாரா, இல்லையா?" என்று தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன.

பிறகு 1964-ல் பர்மா அரசு கடைகளைத் தேசிய உடைமை ஆக்கியது. பாடுபட்டுச் சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு மீண்டும் லட்சக்கணக்கானவர்கள் திரும்பினார்கள்.

இத்தனை ஆண்டுகளும் ஊரில் வீட்டைக் காத்தவர்கள் யார்? பெண்கள்! பிள்ளைகளை வளர்த்தார்கள். கணக்கு வழக்குப் பார்த்தார்கள். மாலையில் வேலை ஓய்ந்ததும் முற்றத்திலும் கொல்லையிலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைத்த நேரமும், இந்தப் பூக்கள் மலர்ந்த நேரமும் ஒன்றுதான்.

முல்லையும் காத்திருத்தலும்

இது இன்று நேற்று ஏற்பட்ட தொடர்பு அல்ல. தொல்காப்பியம் நிலத்தை வகுத்தபோது, காட்டு நிலத்துக்கு முல்லை என்று பெயர் வைத்தது. அந்த முல்லைக்கு உரிய பொழுது மாலை. உரிய காலம் மழைக்காலம். உரிய ஒழுக்கம் எது தெரியுமா? "இருத்தல்". அதாவது, பிரிந்து சென்ற கணவன் வருவான் என்று மனைவி பொறுமையோடு காத்திருத்தல்.

மாலையில் மலரும் பூவையும், மாலையில் வாசலைப் பார்க்கும் பெண்ணையும் நம் முன்னோர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கடல் கடந்து போகும்போது பெண்களை உடன் அழைத்துச் செல்வது வழக்கம் இல்லை என்றும் அதே தொல்காப்பியம் கூறுகிறது.

கூத்தாநல்லூர் வயல் சூழ்ந்த மருத நிலம். ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் வாழ்ந்தது முல்லை வாழ்க்கை.

முல்லைக்கு இந்தப் பக்கத்துக் கோவில்களிலும் பெருமை உண்டு. திருக்கருகாவூரில் இறைவன் பெயரே முல்லைவனநாதர். மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள திருக்களரில் பாரிஜாதவனேசுவரர். பாரிஜாதம் என்பது நம் பவழமல்லிதான். மற்றப் பூக்கள் தரையில் விழுந்தால் பூஜைக்கு எடுக்கமாட்டார்கள். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு! உதிர்ந்த பூவைப் பொறுக்கி எடுத்துப் பூஜைக்கு வைக்கலாம்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் விடியலுக்கு முன்பே எழுந்து ஸஹர் உணவு சாப்பிடுவார்கள். பவழமல்லி உதிரும் நேரமும் அதுவே. வெள்ளை இதழும் பவழக் காம்புமாக மண் தரையில் பூ விரித்திருக்கும். கோவிலுக்குப் போகும் வீட்டுக்கும், நோன்பு வைக்கும் வீட்டுக்கும் ஒரே மரம் ஒரே மணத்தைத் தருகிறது.

நிறம் மாறும் ரங்கூன் மல்லி

பந்தலில் படரும் ரங்கூன் மல்லியைப் பார்த்திருக்கிறீர்களா? கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரே கொத்தில் வெள்ளை, ரோஜா, சிவப்பு என்று மூன்று நிறம் இருக்கும்.

மூன்று வகைப் பூ என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் ஒரே பூதான்! மாலையில் மலரும்போது அது வெள்ளை. மறுநாள் ரோஜா நிறம். அதற்கு அடுத்த நாள் சிவப்பு.

முதல் இரவில் நீண்ட நாக்கு உடைய பெரிய அந்துப்பூச்சிகள் தேன் குடிக்க வருகின்றன. இருட்டில் அவற்றின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது வெள்ளை. பகல் வந்த பிறகு நிறம் மாறுகிறது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன.

ரம்பியஸ் என்ற தாவர வல்லுநர் 17-ம் நூற்றாண்டில், இன்று இந்தோனேசியாவில் உள்ள அம்பன் தீவில் வாழ்ந்தார். இந்தக் கொடிக்கு அவர் வைத்த பெயர் "குவிஸ்குவாலிஸ்". லத்தீன் மொழியில் அதற்கு "யார்? எப்படிப்பட்டது?" என்று அர்த்தம். வெள்ளையாகப் போய்ச் சிவப்பாகத் திரும்பும் பூவைப் பார்த்தால் அப்படித்தானே கேட்கத் தோன்றும்! பல ஆண்டு கழித்துச் சபரில் இருந்து திரும்பிய அத்தாவைப் பார்த்தும் பிள்ளைகள் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ஒரே ஓர் இரவு

இரவுப் பூக்களில் ராணி என்று சொல்லத்தக்கது நிஷாகந்தி. நம் வீடுகளில் இதைப் "பிரம்ம கமலம்" என்பார்கள். மலேசியாவில் "பக்காவாலி" என்பார்கள்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான பிரம்ம கமலம் வேறு. அது இமயமலையில் மிக உயரமான இடங்களில் வளர்வது. உத்தரகாண்ட் மாநிலத்தின் மலர் அது. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பது கள்ளி இனத்தைச் சேர்ந்தது. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே காட்டு மரங்களின் மேல் தொற்றி வளர்கிறது. கடல் கடந்து வந்து நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது!

இதில் இலை போலத் தெரிவது உண்மையில் தண்டு. அதன் ஓரத்தில்தான் மொட்டு விடும். மொட்டு மலரச் சில வாரங்கள் ஆகும். மலரும் நாளன்று மாலையில் மொட்டு பருத்து, வாய் லேசாக விரியும். இரவு 8, 9 மணிக்குத் திறக்கத் தொடங்கும். நள்ளிரவில் கை அகலத்துக்கு விரிந்து நிற்கும். விடிவதற்குள் தலை தொங்கிவிடும். அதன் ஆயுள் ஒரே ஓர் இரவு.

அதனால்தான் இது பூக்கும் இரவில் வீடே விழித்திருக்கிறது. அடுத்த வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். தூங்கும் குழந்தையைக் கூடத் தூக்கி வந்து காட்டுகிறார்கள். பூவைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் பழைய பேச்சு தானாக வருகிறது. "உங்கள் தாத்தா வந்திருந்த வருஷம் ஒரே நாளில் ஏழு பூ பூத்தது" என்று யாராவது தொடங்குவார்கள்.

இப்போது கைபேசி வந்துவிட்டது. கூத்தாநல்லூரில் இரவு 10 மணி என்றால், துபாயில் 8½ மணி. சிங்கப்பூரில் நள்ளிரவு 12½ மணி. மூன்று ஊர்களில் இருப்பவர்களும் ஒரே பூவை ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒன்று. மணத்தைக் கைபேசியில் அனுப்ப முடியாது!

மணம் ஏன் நினைவைக் கிளப்புகிறது?

நாம் பார்ப்பதும் கேட்பதும் மூளையில் ஒரு நடு நிலையத்தின் வழியாகப் போய்த்தான் மற்றப் பகுதிகளை அடைகின்றன. மணத்தின் செய்திக்கு அந்தச் சுற்று இல்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை அது நேராகச் சென்று தொடுகிறது. அதனால்தான் ஒரு மணம் வந்ததும், பெயர் ஞாபகம் வருவதற்கு முன்பே கண் கலங்குகிறது.

மூக்கு எப்படி இத்தனை மணங்களைப் பிரித்து அறிகிறது என்று கண்டுபிடித்ததற்காக, ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2004-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

அதே செடிதான்!

இனி, மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

விதையில் இருந்து முளைப்பது புதுச் செடி. அது தாய்ச் செடியின் குழந்தை. ஆனால், நிஷாகந்தியின் இலையை வெட்டி நட்டால் வருவது குழந்தை அல்ல. அதே செடியின் இன்னொரு பகுதி!

பாட்டி ஓர் இலையை மகளுக்குக் கொடுக்கிறார். மகள் தன் தொட்டியில் இருந்து ஓர் இலையைப் பேத்திக்குக் கொடுக்கிறாள். பேத்தி சென்னையில் மாடி வீட்டில் அதை வளர்க்கிறாள். அங்கே பூக்கும் பூ, பாட்டி பார்த்த செடியின் பூவேதான். இடையில் பாட்டி காலமாகி இருக்கலாம். கூத்தாநல்லூர் வீடு பூட்டிக் கிடக்கலாம். செடி தொடர்கிறது.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கரையைக் கடந்த கஜா புயல், இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது நமக்குத் தெரியும். தன் வீட்டில் மட்டும் செடி வைத்திருந்தவருக்கு அது போனால் போனதுதான். நாலு பேருக்கு இலை கொடுத்திருந்தவர், அவர்களிடமே ஓர் இலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுத்து வைத்தது வீண் போகாது என்று பெரியவர்கள் சொல்வது செடிக்கும் பொருந்தும்.

எச்சரிக்கை ஒன்று: வெளிநாட்டில் இருந்து செடியையோ இலையையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வரக்கூடாது. பூச்சியும் நோயும் கூடவே வந்துவிடும். 2003-ம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி அதற்குத் தகுந்த சான்றும் அனுமதியும் வேண்டும். நம் நாட்டுக்குள் உறவினர் வீடுகளில் கேட்டு வாங்குவதே நல்லது.

வளர்ப்பது எப்படி?

நிஷாகந்தி: நன்றாக முற்றிய இலையில் ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். வெட்டிய இடம் காயும்படி நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து தொட்டியில் நிரப்புங்கள். அடியில் செங்கல் துண்டு போடுங்கள். இலையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு விரற்கடை ஆழத்தில் நட்டால் போதும். காலை வெயில் படலாம். உச்சி வெயில் கூடாது. மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பூக்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகலாம். பொறுமை வேண்டும். மொட்டு விட்ட பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மொட்டு உதிர்ந்துவிடும்.

பவழமல்லி: விதையிலும் வரும், போத்து நட்டாலும் வரும். வெயில் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. நம் பக்கத்துக் களிமண்ணில் மேடு கட்டி நடுவது நல்லது. பூத்து முடிந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டால் அடுத்த பருவத்தில் செழிக்கும்.

முல்லை, மல்லிகை: குளிர் மாதங்களில் கவாத்து செய்ய வேண்டும். புதுக் கிளையில்தான் பூ வரும். பதியன் போட்டு எளிதாகப் பெருக்கலாம்.

ரங்கூன் மல்லி: பதியன் போடலாம். வேரில் இருந்து கிளம்பும் கன்றையும் பிரித்து நடலாம். பலமான பந்தல் வேண்டும். நன்றாக வெயில் பட்டால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

அந்திமந்தாரை: மிளகு போன்ற கறுப்பு விதையை மண்ணில் போட்டால் போதும். குழந்தைகள் வளர்க்க ஏற்ற செடி. விதையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ராணி: மணம் தூக்கலாக இருக்கும். சிலருக்குத் தலைவலி வரும். ஆகவே படுக்கை அறை ஜன்னல் பக்கம் வேண்டாம். அதன் காய் விஷம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது.

பாம்பு வருமா?

"வாசனைக்குப் பாம்பு வரும்" என்று பயந்து பலர் இந்தச் செடிகளை வெட்டிவிடுகிறார்கள். பாம்பு பூவை முகர்ந்து பார்க்க வருவதில்லை. புதர் அடர்ந்தால் தவளையும் எலியும் அங்கே தங்கும். அவற்றைத் தேடித்தான் பாம்பு வருகிறது. செடியின் அடியைச் சுத்தமாக வைத்திருந்தால் கவலை குறையும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. அதுதான் இரவு முழுவதும் எரியும் விளக்கு! இரவுப் பூக்களை நாடி வரும் அந்துப்பூச்சிகள், விளக்கைக் கண்டு வழி தவறிவிடுகின்றன. சுவிட்சர்லாந்து நாட்டில் புல்வெளிகளில் விளக்கு வைத்து ஆராய்ந்தார்கள். விளக்கு எரிந்த இடங்களில், பூக்களுக்கு இரவில் வந்த பூச்சிகளின் வருகை 62 சதவிகிதம் குறைந்தது. 2017-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியானது. தேவை இல்லாத நேரத்தில் கொல்லை விளக்கை அணைத்து வையுங்கள். மின்சாரக் கட்டணமும் மிச்சம்.

இலையோடு கதையும் கொடுங்கள்

கூத்தாநல்லூரைப் போலவே, தஞ்சைத் தரணியின் பல ஊர்களிலும் இன்று பெரிய பெரிய வீடுகளில் ஓரிரு முதியவர்களே இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கொல்லையில் நிற்கும் பவழமல்லியை யார் வைத்தார்கள், எந்த வருஷம் வைத்தார்கள், எந்தக் கடிதம் வந்த அன்று அது பூத்திருந்தது என்பது அந்த முதியவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் சொல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் மரம். வீடு இடிக்கப்படும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

ஆகவே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர்களோடு முற்றத்தில் உட்காருங்கள். "இந்தச் செடி யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். புறப்படும்போது மறக்காமல் ஓர் இலையோ, ஒரு பதியனோ, ஒரு பிடி விதையோ கேட்டு வாங்குங்கள்.

தொட்டியில் அதை நட்டதும், கொடுத்தவர் பெயரை ஒரு சிறு பலகையில் எழுதிச் செருகி வையுங்கள். பூக்கும் இரவில் குழந்தைகளுக்கு அந்தப் பெயரைப் படித்துக் காட்டுங்கள்.